எபோலா, மார்பர்க்: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

செவிலியர் கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் எடுக்கிறேன். ஆப்பிரிக்காவில் எங்காவது எபோலா என்று செய்தி வந்துவிட்டால் மறுநாள் வகுப்பில் பாடம் நகராது, கேள்விகள்தான் வரும். உகாண்டாவுக்கும் ருவாண்டாவுக்கும் வேலைக்குப் போன பிள்ளைகளின் பெற்றோரும் கேட்கிறார்கள். பல வருடமாக வாயால் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

மேடம், ஃபைலோ வைரஸ்னா என்ன? எபோலாவுக்கு இன்னொரு பேரா?

ஃபைலோ என்பது குடும்பப் பெயர். எபோலாவும் மார்பர்க்கும் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள். இலத்தீனில் ‘ஃபீலும்’ என்றால் நூல். வைரஸ் என்றதும் நம் மனதில் வருவது உருண்டை வடிவம். இவற்றை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் அறுந்து விழுந்த நூல் துண்டுகளைப் போல நெளிந்து கிடக்கும். சில துண்டுகள் முனையில் கொக்கிபோல வளைந்திருக்கும். தடிமன் சுமார் 80 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருப்பது ஓர் இழை ஆர்.என்.ஏ. அதில் சுமார் 19,000 எழுத்துகள், 7 மரபணுக்கள். நம் உடம்பில் மரபணுக்கள் இருபதாயிரம் அளவில் இருக்கின்றன. வெறும் ஏழை வைத்துக்கொண்டு அது நம்மை எப்படிச் சாய்க்கிறது என்பதற்குக் கீழே பதில் இருக்கிறது.

டெங்குவுலயும் ரத்தம் கசியுது. அப்போ டெங்குவும் எபோலாவும் சொந்தமா?

சொந்தம் இல்லை. ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்பது உடம்பில் நடப்பதைப் பார்த்து வைத்த பெயர். அதை உண்டாக்கும் வைரஸ்கள் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. டெங்கு ஃபிளேவி குடும்பம். 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா பக்கம் குரங்குகள் செத்து விழுந்து கண்டறியப்பட்ட கியாசனூர் காட்டுக் காய்ச்சலும் அதே குடும்பம்தான். அது உண்ணி கடித்துப் பரவுகிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் எலியின் சிறுநீர், எச்சம் வழியாக வரும் லாசா காய்ச்சல் அரீனா குடும்பம். 2011இல் குஜராத்தில் செவிலியர் ஒருவரையும் பலிகொண்ட கிரிமியன் காங்கோ காய்ச்சல் இன்னொரு குடும்பம்.

இந்த வித்தியாசம் தெரிந்தால் ஒரு பயம் போய்விடும். டெங்குவைக் கொசு சுமக்கிறது. எபோலாவையும் மார்பர்க்கையும் கொசு சுமப்பதில்லை.

மார்பர்க் ஜெர்மனியில இருக்குற ஊராச்சே. ஆப்பிரிக்க நோய்க்கு அந்தப் பேர் எப்படி வந்தது?

1967 ஆகஸ்டில் மார்பர்க், ஃபிராங்க்ஃபர்ட் நகரங்களிலும் அன்றைய யூகோஸ்லாவியாவின் பெல்கிரேடிலும் ஆய்வகப் பணியாளர்கள் அடுத்தடுத்துக் காய்ச்சலில் விழுந்தார்கள். தடுப்பூசி தயாரிப்புக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் உகாண்டாவிலிருந்து கொண்டுவந்த பச்சைக் குரங்குகளின் உறுப்புகளைக் கையாண்டவர்கள் அவர்கள். அவர்களைக் கவனித்துக்கொண்டவர்களுக்கும் தொற்றியது. மொத்தம் 31 பேர், அதில் 7 பேர் இறந்தார்கள். இந்தக் குடும்பத்தை உலகம் முதலில் பார்த்தது ஐரோப்பாவின் நவீன ஆய்வகங்களில்தான். இதைக் காட்டு மக்களின் நோய் என்று சொல்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் கதை இது.

எபோலாங்கிறது ஊரா, ஆறா?

ஆறு. 1976இல் அன்று ஜயர் எனப்பட்ட காங்கோவின் வட பகுதியில், யம்புக்கு என்ற கிராமத்தில் பெல்ஜியக் கன்னியாஸ்திரிகள் ஒரு மருத்துவமனை நடத்திவந்தார்கள். ஆகஸ்ட் கடைசியில் மலேரியா என்று நினைத்து ஒருவருக்கு அங்கே ஊசி போட்டார்கள். அந்த மருத்துவமனையில் காலையில் ஐந்து ஊசிகளை எடுத்து வைப்பார்கள். அன்று வரும் புறநோயாளிகள் எல்லோருக்கும் அந்த ஐந்தேதான். ஒருவருக்குப் போட்டதும் வெந்நீரில் அலசி அடுத்தவருக்கு. வந்தவர்களில் கர்ப்பிணிகள் நிறையப் பேர்.

318 பேருக்கு நோய், 280 பேர் மரணம். அதில் ஊசி வழியாக மட்டுமே தொற்று வாங்கியவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. மருத்துவமனையின் 17 பணியாளர்களில் 11 பேர் இறந்து, கடைசியில் கதவைச் சாத்த வேண்டியதாயிற்று. சாத்தியதுமே நோய் குறையத் தொடங்கியது. இதை வகுப்பில் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அந்தச் செவிலியர்கள் அக்கறையில்லாதவர்கள் கிடையாது. கையில் இருந்த ஐந்து ஊசியை வைத்து ஊருக்கே வைத்தியம் பார்த்தவர்கள்.

காங்கோவின் மருத்துவர் ஜான் ஜாக் முயெம்பே கையுறைகூட இல்லாமல் அங்கே ரத்த மாதிரி எடுத்தார். ரத்தம் ஃபிளாஸ்க்கில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகருக்குப் போனது. வைரஸைக் கண்டறிந்த பிறகு, கிராமத்தின் பெயரை வைத்தால் அந்த மக்கள் காலத்துக்கும் களங்கத்தைச் சுமப்பார்கள் என்று யோசித்து, அந்த வட்டாரத்தில் ஓடும் எபோலா ஆற்றின் பெயரை வைத்தார்கள். அதே ஆண்டு தெற்கு சூடானின் நிசாராவிலும் இதே போன்ற நோய் 284 பேருக்கு வந்தது. இரண்டும் ஒன்றே என்று முதலில் நினைத்தார்கள். பிறகுதான் வேறு வேறு வகை என்று தெரிந்தது.

அப்போ எபோலாவுல எத்தனை வகை? எல்லாமே ஆளைக் கொல்லுமா?

மனிதருக்கு நோய் தருபவை நான்கு: ஜயர், சூடான், பண்டிபூஜியோ, ‘தாய்’ என்ற காட்டின் பெயர் கொண்ட தாய் காடு. கடைசி வகை 1994இல் ஐவரி கோஸ்ட்டில் இறந்த சிம்பன்சியை அறுத்துச் சோதித்த ஆய்வாளர் ஒருவருக்கு வந்தது. அவர் பிழைத்துக்கொண்டார்.

ரெஸ்டன் என்று ஒன்று உண்டு. 1989இல் பிலிப்பைன்ஸிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குக் கொண்டுவந்த குரங்குகள் கொத்தாகச் செத்தபோது கண்டறியப்பட்டது. குரங்குகளைக் கையாண்ட சிலரின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் உருவாகியிருந்தது, ஆனால் யாரும் படுக்கவில்லை. 2008இல் அதே வைரஸ் பிலிப்பைன்ஸில் பன்றிகளிடமும் தென்பட்டது. குரங்கைக் கொல்லும் ஒன்று மனிதரை ஏன் விட்டுவிடுகிறது என்பதை ஆராய்ச்சியாளர்கள் இன்னும் துருவிக்கொண்டிருக்கிறார்கள். 2018இல் சியரா லியோன் வௌவால்களிடம் கண்ட பொம்பாலி வகையாலும் மனிதருக்கு நோய் வந்ததாகப் பதிவு இல்லை.

வௌவால்தான் காரணமாமே. நம்ம ஊர் வௌவாலை விரட்டிடலாமா?

வேண்டாம். மார்பர்க் விஷயத்தில் மூலம் தெளிவாகத் தெரியும்: எகிப்தியப் பழந்தின்னி வௌவால். உகாண்டாவில் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு 2007இல் நோய் வந்தபோது, அந்தச் சுரங்கத்தில் வாழ்ந்த வௌவால்களிடமிருந்தே உயிருள்ள வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 1998 முதல் 2000 வரை காங்கோவின் டுர்பாவில் 128 பேரைக் கொன்ற பரவலும் தங்கச் சுரங்கத்தில் தொடங்கியதே. எபோலாவுக்கும் பழந்தின்னி வௌவால்கள்மேல் பலத்த சந்தேகம் உண்டு. அவற்றில் வைரஸின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன, ஆனால் மார்பர்க்கைப் போல முழு நிரூபணம் இல்லை. நோயில் செத்த மனிதக்குரங்கையும் மானையும் இறைச்சிக்காக அறுத்தவர்களுக்கும் தொற்றியிருக்கிறது.

எகிப்தியப் பழந்தின்னி வௌவால் தமிழ்நாட்டில் கிடையாது. இந்தியாவில், நாகாலாந்தில் வௌவால் வேட்டையாடும் சமூகத்தினர் சிலரிடமும் அங்குள்ள வௌவால்களிடமும் ஃபைலோ வைரஸ்களோடு வினைபுரியும் எதிர்ப்புப் பொருள்கள் இருப்பதை 2019இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நோய் வந்ததாக அர்த்தம் இல்லை, இந்தக் குடும்பத்தின் ஏதோ ஓர் உறவுக்கார வைரஸை எதிர்கொண்டிருக்கலாம் என்று அர்த்தம். வௌவால்களுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்கள் நம்மிடம் உண்டு. அவை அப்படியே இருக்கட்டும். வௌவால் கடித்த பழத்தைத் தின்னாமல், அடைந்துகிடக்கும் குகைக்குள் போய்த் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும். விரட்டினால் கலைந்து வேறு இடத்துக்குப் போகும், மனிதரோடு உரசல்தான் கூடும்.

காத்துல பரவுமா? பஸ்ல பக்கத்துல உட்கார்ந்தா ஒட்டிக்குமா?

கொரோனாவைப் போலவோ தட்டம்மையைப் போலவோ காற்றில் பரவுவதில்லை. நோயாளியின் ரத்தம், வாந்தி, மலம், சிறுநீர், வியர்வை, எச்சில், தாய்ப்பால், விந்து ஆகியவை நம் கண், மூக்கு, வாய் அல்லது தோலில் உள்ள கீறலில் பட வேண்டும். அவை பட்ட துணி, படுக்கை, ஊசியும் ஆபத்து. தட்டம்மை ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடியது. 2013 முதல் 2016 வரை மேற்கு ஆப்பிரிக்காவில் நடந்த பெரும் பரவலில்கூட ஓர் எபோலா நோயாளி சராசரியாக இரண்டு பேருக்குக் குறைவாகத்தான் தொற்றவைத்தார்.

இன்னொன்றும் முக்கியம். காய்ச்சல் தொடங்கும் முன் அவரிடமிருந்து பரவாது. உடம்பில் வைரஸ் பெருகப் பெருகத்தான் ஆபத்து கூடும். மிக முற்றிய கட்டத்திலும் இறந்த பிறகும் உச்சம். அந்தக் கட்டத்தில் நோயாளி பஸ்ஸில் இருக்க மாட்டார். வீட்டில் படுத்திருப்பார், பக்கத்தில் அம்மாவோ மனைவியோ செவிலியரோ இருப்பார்கள். தொட்டுப் பார்த்துக்கொள்கிறவர்களைத் தேடிப் பிடிக்கும் நோய் இது.

சோப்பு போட்டுக் கழுவினா சாகுமா?

சாகும். இதன் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பிலும் சானிடைசரிலும் சிதைந்துவிடும். சிகிச்சை மையங்களில் கைக்கு 0.05 சதவீதக் குளோரின் நீர், தரைக்கும் கழிவுக்கும் 0.5 சதவீதம். பத்து மடங்கு வித்தியாசம். மாணவிகள் பரீட்சையில் இதைத்தான் மாற்றி எழுதுகிறார்கள். மாற்றிக் கலந்தால் கையும் புண்ணாகும், தரையும் சுத்தமாகாது.

கண்ணு, காது, மூக்குன்னு ரத்தம் கொட்டித்தான் சாவாங்களாமே?

பெரும்பாலோருக்கு அப்படி நடப்பதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் வெளிப்படையாக ரத்தம் கசிந்தவர்கள் பாதிக்கும் குறைவு. அதனால்தான் ‘எபோலா ரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்ற பழைய பெயரை விட்டு ‘எபோலா வைரஸ் நோய்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். தொடக்கம் மிகச் சாதாரணமாக இருக்கும்: திடீர்க் காய்ச்சல், அசதி, தலைவலி, உடம்புவலி, தொண்டைவலி. மலேரியாவா டைபாய்டா எபோலாவா என்று அந்த நாளில் எந்த மருத்துவராலும் பார்த்ததும் சொல்ல முடியாது.

சில நாளில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பிடித்துக்கொள்ளும். ஒரு நாளில் லிட்டர் கணக்கில் நீர் வெளியேறும். ரத்தம் வந்தால் ஈறில், ஊசி குத்திய இடத்தில், மலத்தில் தெரியும். ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் நீரிழப்பு, ரத்த அழுத்தச் சரிவு, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழப்பது. ரத்தம் வந்தால்தான் எபோலா என்று காத்திருந்த இடங்களில் அதற்குள் நோய் அடுத்த வீட்டுக்குப் போயிருந்தது.

ஏழே மரபணுன்னு சொன்னீங்க. அதை வெச்சுக்கிட்டு உள்ள என்னதான் பண்ணுது?

முதலில் அது போய் உட்காருவது, கிருமியை விழுங்க வரும் வெள்ளையணுக்களுக்குள்ளேயே. காவலுக்கு வந்தவர்களின் வண்டியில் ஏறி நிணநீர்க் கணு, கல்லீரல், மண்ணீரல் என்று ஊர்வலம் போகிறது. சாதாரணமாக ஒரு செல்லுக்குள் வைரஸ் நுழைந்தால் அந்தச் செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து பக்கத்துச் செல்களை எச்சரிக்கும். ஃபைலோ வைரஸ்களின் புரதங்கள் அந்த எச்சரிக்கையைத்தான் முதலில் அடக்குகின்றன. எபோலாவில் அந்த வேலையைச் செய்பவை வி.பி.35, வி.பி.24 என்ற இரண்டு. சத்தம் வெளியே போகாததால் வைரஸ் தடையின்றிப் பெருகுகிறது.

உடம்பு விழித்துக்கொள்ளும்போது நேரம் கடந்திருக்கும். பதற்றத்தில் அழற்சிப் பொருள்களை அளவில்லாமல் கொட்டும். ரத்தக் குழாய்களின் உட்சுவர் தளர்ந்து நீர் வெளியே கசியும். தொற்றிய வெள்ளையணுக்கள் ரத்தத்தை உறையவைக்கும் தூண்டுதலையும் வெளியிடுவதால், குழாய்களுக்குள் தேவையில்லாத சின்னச் சின்ன உறைகட்டிகள் உண்டாகும். அதில் உறைவுப் பொருள்கள் செலவாகிவிடும். புதிதாகச் செய்து தர வேண்டிய கல்லீரலும் அடிபட்டுக் கிடக்கும். உறைய வேண்டிய இடத்தில் உறையாமல் ரத்தம் கசிவது அதனால்தான்.

வந்தா சாவு நிச்சயம்தானே? 90 சதவீதம்னு படிச்சேன்.

90 சதவீதம் என்பது யம்புக்கு போன்ற சில பரவல்களின் கணக்கு. சராசரி ஏறக்குறைய பாதி. வைரஸ் வகையைப் பொறுத்தும், அதைவிடக் கிடைக்கும் கவனிப்பைப் பொறுத்தும் இது மாறும். 2004, 2005இல் அங்கோலாவின் உயீஜேயில் மார்பர்க் வந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இறந்தார்கள். அதே மார்பர்க் 2024 செப்டம்பரில் ருவாண்டாவில் பரவியபோது 66 பேரில் 15 பேர்தான் இறந்தார்கள். நான்கில் ஒன்றுக்கும் குறைவு.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ருவாண்டாவில் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள், தீவிர சிகிச்சை தந்தார்கள், பரிசோதனைக் கட்டத்தில் இருந்த மருந்துகளைக் கொடுத்தார்கள். இரண்டு நோயாளிகளுக்கு மூச்சுக்குழாயில் குழாய் பொருத்திச் செயற்கைச் சுவாசம் கொடுத்து, பிறகு அதை எடுத்துவிட்டுத் தானாக மூச்சுவிட வைத்தார்கள். ஆப்பிரிக்காவில் ஒரு மார்பர்க் நோயாளிக்கு இது நடந்தது அதுவே முதல் முறை என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. சலைன் ஏற்றுவது, பொட்டாசியம் அளவைச் சரிபார்ப்பது, ஆக்சிஜன் தருவது, சிறுநீர் அளவை எழுதிவைப்பது எல்லாம் செவிலியர் செய்யும் வேலைகள். இவற்றுக்கு உயிர்காக்கும் சக்தி உண்டு என்று என் மாணவிகளிடம் சொல்வதற்கு ருவாண்டாவைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை.

டாக்டர், நர்ஸுக்கே ஏன் அதிகமா வருது? அவங்களுக்குத் தெரியாதா?

தெரிந்தும் தொடுகிறார்கள். தொடாமல் கவனிக்க முடியாது. பரவும் விதத்தைப் பற்றி மேலே சொன்னதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். 2000இல் உகாண்டாவின் குலுவில் லாகோர் மருத்துவமனையை நடத்திய மத்தேயு லுக்விய, ஒரு நோயாளியைத் தாங்கிப் பிடிக்கப் போய்த் தொற்று வாங்கி டிசம்பரில் இறந்தார். சியரா லியோனின் கெனமாவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்த ஷேக் உமர் கான் 2014 ஜூலையில் இறந்தார். அந்தப் பெரும் பரவலில் கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்று நாடுகளிலும் 500க்கும் மேற்பட்ட மருத்துவப் பணியாளர்கள் மாண்டார்கள். நோய் வரும் முன்பே அங்கே ஒரு லட்சம் பேருக்கு ஒன்றிரண்டு மருத்துவர்கள்தான். ருவாண்டாவிலும் நோயாளிகளில் பெரும்பாலோர் மருத்துவப் பணியாளர்கள்தான்.

பாதுகாப்பு உடையைப் போடுவதைவிடக் கழற்றுவதில்தான் ஆபத்து அதிகம். வெப்பத்தில் ஒரு மணி நேரம் வெந்து களைத்திருப்போம், கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும், ஒரு கை தவறி முகத்தைத் தொட்டுவிடும். அதனால்தான் கழற்றும்போது பக்கத்தில் ஒருவர் நின்று ஒவ்வொரு படியாகச் சொல்ல வேண்டும் என்பது விதி.

செத்தவங்க உடம்புல இருந்து கூடவா பரவும்?

பரவும். கொரோனாவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2020 ஏப்ரலில் சென்னையில் கொரோனாவால் இறந்த மருத்துவரை அடக்கம் செய்ய விடாமல் கல்லெறிந்தார்கள். அந்தப் பயத்துக்கு ஆதாரம் இருக்கவில்லை. எபோலாவில் இறந்தவரின் உடல்மேல் வைரஸ் நிறைந்திருக்கும், தொட்டால் ஆபத்து உண்மை. ஆனாலும் பாதுகாப்பாக அடக்கம் செய்ய வழி இருக்கிறது.

கினியிலும் சியரா லியோனிலும் இறந்தவரைக் குளிப்பாட்டி, தொட்டு விடைகொடுப்பது உறவின் கடமை. நம் வீடுகளிலும் அப்படித்தானே. முதலில் வெள்ளை உடைக்காரர்கள் வந்து உடலைப் பைக்குள் போட்டுத் தூக்கிப்போனார்கள். எங்கே புதைத்தார்கள் என்றுகூடப் பல குடும்பங்களுக்குத் தெரியவில்லை. விளைவாக மக்கள் நோயாளிகளை மறைத்தார்கள், இரவில் ரகசியமாகப் புதைத்தார்கள். பிறகு உலக சுகாதார நிறுவனம் மதத் தலைவர்களோடு பேசி முறையை மாற்றியது. குடும்பம் தள்ளி நின்று பார்க்கலாம், இமாமோ பாதிரியாரோ ஜெபிக்கலாம், தண்ணீரில் குளிப்பாட்டுவதற்குப் பதிலாக இஸ்லாத்தில் அனுமதியுள்ள ‘தயம்மும்’ என்ற, மண்ணைத் தொட்டுச் செய்யும் தூய்மைச் சடங்கைச் செய்யலாம், கல்லறையில் பெயர் இருக்கும். துக்கத்துக்கு இடம் கொடுத்த பிறகு மக்கள் ஒத்துழைத்தார்கள்.

தடுப்பூசி கண்டுபிடிச்சாச்சுல்ல? அப்புறமும் ஏன் வருது?

ஜயர் வகைக்கு மட்டும் அங்கீகாரம் பெற்ற தடுப்பூசி இருக்கிறது. பெயர் எர்வெபோ. 2015இல் கினியில் சோதித்தார்கள்: ஒருவருக்கு நோய் வந்தால் அவரோடு பழகியவர்கள், அந்தப் பழகியவர்களோடு பழகியவர்கள் என்று சுற்றி வளையம்போலப் போட்டார்கள். பெரியம்மையை ஒழித்த அதே உத்தி. 2019இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அங்கீகரித்தன. இரண்டு தவணையாகப் போடும் இன்னொன்றும் 2020இல் ஐரோப்பாவில் அங்கீகாரம் பெற்றது.

இவை மற்ற வகைகளுக்கு என்று அங்கீகரிக்கப்பட்டவை கிடையாது. 2022இல் உகாண்டாவின் முபெண்டேயில் சூடான் வகை பரவியபோது கையில் தடுப்பூசி இல்லாமல்தான் போராடினார்கள். 2025 ஜனவரி கடைசியில் அதே வகை கம்பாலாவில் ஒரு செவிலியரைக் கொன்று வெளிப்பட்டதும், அறிவித்த நான்காம் நாளே பரிசோதனைத் தடுப்பூசியைப் போடத் தொடங்கினார்கள். மூன்று வருடத்துக்குள் நடந்த இந்த முன்னேற்றம் எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை தருகிறது. வைரஸ் விலங்குகளிடம் இருக்கும்வரை அவ்வப்போது மனிதருக்குத் தாவும். முழுவதும் துடைத்தெடுக்க முடியாது.

மருந்து?

ஜயர் வகைக்கு இரண்டு உண்டு. இரண்டும் ஆய்வகத்தில் தயாரித்த எதிர்ப்புப் புரதங்கள், ஊசி வழியாக ஒரே முறை ஏற்றுவார்கள். எபாங்கா என்ற மருந்தின் மூலம், 1995இல் காங்கோவின் கிக்விட் பரவலில் பிழைத்த ஒருவரின் ரத்தம். அவர் உடம்பு தன்னைக் காக்கச் செய்த புரதத்தை நகலெடுத்தார்கள். அதில் முக்கியப் பங்கு யம்புக்குவில் ரத்தம் எடுத்த அதே முயெம்பேக்கு. இன்னொன்று இன்மாசெப், மூன்று புரதங்களின் கலவை.

2018, 2019இல் காங்கோவில், துப்பாக்கிச் சண்டைகளுக்கு நடுவே, நான்கு மருந்துகளை ஒப்பிட்டுச் சோதித்தார்கள். இந்த இரண்டிலும் மூன்றில் ஒருவர் அளவில் இறந்தார்கள், மற்ற இரண்டில் பாதிப் பேர். சீக்கிரமே வந்து, ரத்தத்தில் வைரஸ் குறைவாக இருந்து, இந்த இரண்டில் ஒன்றைப் பெற்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைத்தார்கள். சூடான் வகைக்கும் மார்பர்க்குக்கும் அங்கீகரித்த மருந்து இல்லை, சோதனையில்தான் இருக்கின்றன.

டெஸ்ட் நெகட்டிவ்னு வந்துட்டா வீட்டுக்குப் போகலாம்தானே?

எப்போது எடுத்தார்கள் என்று கேளுங்கள். காய்ச்சல் தொடங்கி மூன்று நாளுக்குள் எடுத்த பி.சி.ஆர். பொய்யாக நெகட்டிவ் காட்டலாம், ரத்தத்தில் வைரஸ் இன்னும் பிடிபடும் அளவுக்கு ஏறியிருக்காது. சந்தேகம் இருந்தால் 72 மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். அதுவரை தனிமை.

21 நாள், 42 நாள்னு சொல்றாங்களே, அது என்ன கணக்கு?

தொற்றியதிலிருந்து அறிகுறி தெரிய 2 முதல் 21 நாள் ஆகும். அதனால் தொடர்பில் இருந்தவரை 21 நாள் கண்காணிக்கிறார்கள். அதன் இரண்டு மடங்கு 42. கடைசி நோயாளி குணமாகி இரண்டு முறை நெகட்டிவ் வந்த நாளிலிருந்தோ, அவரை அடக்கம் செய்த நாளிலிருந்தோ 42 நாள் புதிதாக யாருக்கும் வராவிட்டால் பரவல் முடிந்ததாக அறிவிப்பார்கள். 2025 செப்டம்பரில் காங்கோவின் கசாய் மாகாணத்தில் புலாபே என்ற இடத்தில் வந்து 45 பேரைக் கொன்ற பரவல் அப்படி எண்ணித்தான் டிசம்பர் 1 அன்று முடிந்ததாக அறிவிக்கப்பட்டது.

குணமானவங்களைத் தொடலாமா? அவங்ககிட்ட இருந்து மறுபடி வருமாமே?

தாராளமாகத் தொடலாம், கூட உட்கார்ந்து சாப்பிடலாம், வேலைக்கு வைக்கலாம். ரத்தத்தில் வைரஸ் போய்விட்டது. ஆனால் நோய் எதிர்ப்பு எளிதில் எட்டாத சில இடங்களில் அது ஒளிந்திருக்கலாம்: விந்து, கண்ணின் உட்பகுதி, மூளை. 2014 நவம்பரில் லைபீரியாவிலிருந்து குணமானதற்கான சான்றிதழோடு டில்லி விமான நிலையம் வந்த இந்தியர் ஒருவரின் ரத்தத்தில் ஒன்றும் இல்லை, விந்தில் இருந்தது. அது நீங்கும்வரை தனியே தங்கவைத்தார்கள். குணமான ஆண்கள் விந்தைத் தொடர்ந்து சோதித்து இரண்டு முறை நெகட்டிவ் வரும்வரை, சோதிக்க வசதி இல்லாவிட்டால் 12 மாதம், ஆணுறை பயன்படுத்த வேண்டும் என்பது வழிகாட்டல்.

சிக்கலான பகுதி இது: 2021இல் கினியில் மறுபடி எபோலா வந்தபோது, அதன் மரபணு எழுத்துகள் 2014 பரவலின் வைரஸோடு ஏறக்குறைய அப்படியே ஒத்துப்போயின. அது வௌவாலிடமிருந்து புதிதாக வரவில்லை, ஐந்தாண்டுக்கும் மேலாக ஒரு மனித உடம்பில் உறங்கியிருந்து வந்தது என்பதே ஆய்வாளர்களின் முடிவு. இதைச் சொல்லும்போது எனக்குத் தயக்கம் உண்டு. ஏற்கெனவே குணமானவர்களை வீட்டுக்குள் சேர்க்காத ஊர்கள் இருந்தன. இப்படி நடப்பது மிக அபூர்வம். பிழைத்தவர்கள் ஆயிரக்கணக்கானோர். அவர்களுக்குத் தேவை தொடர்ந்த மருத்துவக் கவனிப்பு, கண் மருத்துவர், மூட்டுவலிக்கு மருந்து.

கொரோனா மாதிரி உலகம் பூரா பரவிடுமா?

2013 டிசம்பரில் கினியின் மெலியாண்டூ கிராமத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றிலிருந்து தொடங்கியது, 28,600க்கும் மேற்பட்டவர்களுக்கு வந்து 11,300க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. எபோலா என்று தெரியவே மூன்று மாதம் ஆயிற்று. அவ்வளவு பெரிதாகியும் மற்றக் கண்டங்களில் சிலருக்குத்தான் போனது.

அந்தப் பரவலின்போது 2014 ஜூலையில் லைபீரியாவிலிருந்து வந்த ஒரு பயணி, கோடிக்கணக்கானோர் வாழும் நைஜீரியாவின் லாகோஸ் நகர விமான நிலையத்தில் சரிந்து விழுந்தார். மலேரியா என்றார். மருத்துவர் அமெயோ அடடேவோ சந்தேகப்பட்டு, அவரை விடுவிக்கச் சொல்லி வந்த அழுத்தத்துக்கு அசையாமல் மருத்துவமனையிலேயே வைத்துக்கொண்டார். போலியோவுக்காக உருவாக்கிய அமைப்பை வைத்து 900க்குச் சற்றுக் குறைவானவர்களைத் தேடிப்பிடித்து, வீடு வீடாக 18,500 முறை போய்ப் பார்த்தார்கள். நைஜீரியாவில் 20 பேரோடு நின்றது. இறந்த 8 பேரில் அடடேவோவும் ஒருவர்.

எங்க அண்ணன் கம்பாலாவுல கம்பெனி வேலையில இருக்கார். அம்மா தூங்கவே மாட்டேங்கிறாங்க. என்ன சொல்றது?

அம்மாவிடம் மேலே பஸ் பற்றிய பதிலைப் படித்துக் காட்டுங்கள். அலுவலகம், கடை, வீடு என்று இருப்பவருக்கு ஆபத்து மிகக் குறைவு. அவர் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். பரவல் நடக்கும் வட்டாரத்துக்குப் போகாமல் இருப்பது, காய்ச்சலில் கிடப்பவரை வெறுங்கையால் பராமரிக்காமல் இருப்பது, அறிந்தவர் இறந்தால் உடலைத் தொடாமல் தள்ளி நின்று அஞ்சலி செய்வது, வௌவால் குகைகளுக்குச் சுற்றுலா போகாமல் இருப்பது. 2008இல் உகாண்டாவில் மலைப்பாம்புக் குகையைப் பார்த்து ஊர் திரும்பிய இரண்டு வெளிநாட்டுப் பயணிகளுக்கு மார்பர்க் வந்தது, ஒருவர் இறந்தார்.

ஊர் திரும்பிய 21 நாளுக்குள் காய்ச்சல் வந்தால் அது மலேரியாவாக இருக்கவே வாய்ப்பு மிக அதிகம், அதுவும் உடனே பார்க்க வேண்டிய நோய்தான். நேராகப் போய் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார வேண்டாம். தனி அறையில் இருந்துகொண்டு முதலில் 104க்குப் போன் செய்து, “உகாண்டாவிலிருந்து இந்தத் தேதியில் வந்தேன், காய்ச்சல்” என்று சொல்லட்டும். மருத்துவமனை வாசலிலும் முதல் வாக்கியம் அதுவாகவே இருக்கட்டும். எதிரில் இருக்கும் செவிலியர் கையுறை போட்டுக்கொள்ள அந்த ஒரு வாக்கியம் போதும்.